வில்லுக்குப் பிடி வைப்பது எப்படி? மூதூர் கிழக்கில் முறிந்த ஒரு வில்

திருகோணமலைத் துறைமுகத்தில் நின்று பார்த்தால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் தெரிவது மூதூர். அதற்குக் கிழக்கே, தமிழ் பேசும் வேடர் பரம்பரையினர் வாழும் ஊர் ஒன்றில் அண்மையில் முறிந்த வில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். 2006 இடப்பெயர்வோடு காணாமற்போன பழைய வில்லுக்குப் பதிலாகச் சடங்குக்கென்று ஓர் இளைஞர் செய்தது. கைக்கு வாகாக இருக்கட்டும் என்று நடுவில் பள்ளம் செதுக்கியிருந்தார். முதல் இழுப்பிலேயே அந்தப் பள்ளத்தில் முறிந்துவிட்டது.

"முழுத் தடியும் வளையோணும் மகன். நடுவில நோண்டினா அதிலதான் போகும்" என்றார் அருகில் இருந்த பெரியவர்.

அவர் சொன்னதற்குக் கணக்கு உண்டு. மரத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகும். தடிப்பைப் பாதியாக்கினால் எட்டில் ஒன்றாகிவிடும். வில் முழுவதும் பகிர வேண்டிய வளைவு அந்த ஒரே இடத்தில் குவிந்துவிடுகிறது.

வேடர்களின் பழைய வில் ஏறத்தாழ ஆறடி நீளமானது. தனியாகச் செதுக்கிய பிடி அதற்கில்லை. நடுவில் தடித்து இரு நுனிகளையும் நோக்கி மெலிந்து போகும். நடுப்பகுதியும் சேர்ந்தே சற்று வளையும். எய்யும்போது கையில் சிறு உதறல் இருக்கும். ஆனால் ஒற்றைத் தடியில், கத்தி ஒன்றை மட்டும் வைத்துச் செய்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. பிடி வேண்டுமென்றால் துணியையோ தோலையோ இறுகச் சுற்றிக்கொள்ளலாம்.

வளையாத பிடியும் பழையதுதான். டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சேற்று நிலத்தில் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டு பழைமையான வில்களுக்கு அகலம் குறைந்த, தடித்த பிடி இருக்கிறது. ஒடுங்கிய பிடியால் அம்பு வில்லின் நடுக்கோட்டுக்கு அருகாகச் செல்லும். பிடி அகலமாக இருந்தால் அம்பு பக்கமாகத் திரும்பியே நிற்கும். அது வில்லைச் சுற்றி நெளிந்து போகக்கூடிய அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். வேடர்கள் அம்புக்கு எடுத்தது விண்ணாங்குத் தடி.

ஆனால் விறைத்த பிடிக்கு விலை உண்டு. பிடியும் அதன் இருபுறச் சரிவுகளும் வளைவதில்லை. அந்த நீளத்தின் வேலையைக் கைகள் இரண்டும் சுமக்க வேண்டும். ஆகவே வில்லை நீளமாக்க வேண்டும், அல்லது கைகளை அகலமாக்க வேண்டும். சரிவு திடீரென இறங்கினால் அங்கேதான் வெடிக்கும். மேலதிகத் துண்டு ஒட்டினால், அடிமரம் துளி வளைந்தாலும் ஒட்டு பிளந்துகொள்ளும். நாண் பக்கத்தில் எவ்வளவு செதுக்கினாலும், எய்பவருக்கு எதிரே இருக்கும் முதுகுப் பக்கத்தின் மர நாரை வெட்டக்கூடாது.

இதே கொட்டியாரத்தில் 1660இல் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் வேடர்களைப் பற்றியும் எழுதினார். இரவில் கொல்லர் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்புத் தலையின் வடிவத்தை இலையில் வெட்டி வைத்துப் போவார்களாம். அந்த இலையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வில்லின் நடுவை அவர்கள் எப்படிச் சீவினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் இந்த முறிந்த வில்லைப் பார்க்கும்வரை கேட்டதில்லை.

பெரியவர் மண்ணில் கோடு கீறிக் காட்டினார். தடியின் சரி நடுவுக்குச் சற்றுக் கீழே பிடிக்க வேண்டும். அப்போது அம்பு நடுவை ஒட்டிப் போகும். கீழ்க்கை சற்று விறைப்பாக இருக்கட்டும் என்றார்.

"இன்னொண்டு செய்யலாமே ஐயா?" என்று கேட்டேன்.

"செய்யலாம். தடிக்குக் காட்டுக்குள்ள போகத்தான் பயமாக் கிடக்கு."