துப்புக்கூலியும் சாவிச் சில்லும்

தாமிரபரணி பொதிகையை விட்டிறங்கும் விக்கிரமசிங்கபுரத்தில், ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவியின் ஜலசக்தியை நம்பி 1880-களில் பஞ்சாலை நிறுவுவதற்கு வெகுகாலம் முன்பே, களவைத் தடுக்கும் ஒரு ஸ்தாபனம் திருநெல்வேலிச் சீமையெங்கும் வேரூன்றியிருந்தது. அதற்குக் காவல் என்று பெயர். கிராமத்தார் விளைச்சலில் ஒரு பங்கைக் காவற்காரருக்கு அளந்தனர். களவுபோன பொருளை மீட்டுத் தருவதும், இயலாவிடில் ஈடுசெய்வதும் அவர் கடமை. காலக்கிரமத்தில் இம்முறை க்ஷீணித்து, களவுபோன மாட்டைத் திரும்பப் பெற உடையவனே துப்புக்கூலி கொடுக்கும் அவலம் பிறந்தது. மாடே சர்வஸ்வமாயிருந்த உழவன் வேறென்ன செய்வான்! அவன் நிலையை நினைக்க இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பிரிட்டனில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ‘இம்மொபிலைசர்’ என்னும் மின்னணுப் பூட்டு, இன்று நம்மூர் வண்டிகளிலும் அந்தக் காவலை ஏற்றிருக்கிறது. சாவித்துவாரத்தைச் சுற்றிய கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே சக்தி பெற்று, சாவியினுள் உள்ள சில்லு தன் ரகசியக் குறியைத் தெரிவிக்கும். குறி பொருந்தினாலன்றி எஞ்சின் உயிர்பெறாது. ஆகையால், கதவு திறக்கும் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்ததும் வண்டியே பழுதென்று கலங்குவோர் அறிய வேண்டியது, அச்சில்லுக்குப் பேட்டரி வேண்டுவதில்லை என்பதே. பித்தானால் கிளப்பும் வண்டிகள் பலவற்றில், சாவியை அப்பித்தானோடு ஒட்டிப் பிடித்தால் போதும். சாவிகள் அனைத்தும் தொலைந்தாலோ, புதிதாக ஒன்றை வெட்டுவது மாத்திரம் பயன்தராது. அதன் குறியை வண்டியின் கணினிக்குப் பரிச்சயப்படுத்தும்வரை, உடையவரும் அக்காவலுக்கு அந்நியரே.