ஊற்றும் கூழும் காய்ச்சும் கூழும்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் பெயர்ப்பலகையில் திருநெல்வேலி, எங்கள் வாயில் தின்னவேலி. யூலை 16 அல்லது 17இல் ஆடி பிறக்கும். அதற்கு முதல் நாள் தின்னவேலிச் சந்தையில் தேங்காயைக் காதருகே குலுக்கிப் பார்த்தால் வியாபாரி தானாகவே கேட்பார்: "கூழுக்கோ அக்கா? அப்ப முத்தல் காயாப் பாத்து எடுங்கோ."

இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த சிநேகிதி ஒருத்திக்கு ஓர் ஆடிப்பிறப்பன்று கூழ் வார்த்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது பாயசம். கூழ் எங்கே?" அவள் ஊரில் ஆடிக்கூழ் என்றால் கேழ்வரகோ கம்போ கரைத்து, உப்பிட்டு, மோரும் சின்ன வெங்காயமும் சேர்ப்பது. அம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாக வைத்து ஊருக்கே வழங்குவது. எங்களுடையதோ தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் பயறும். பெயர் ஒன்று, பண்டம் இரண்டு. அன்று முதல் இந்தச் சொல் என்னை விடவில்லை.

முதலில் வினைச்சொல்லைக் கவனித்தேன். அவர்கள் கூழ் 'ஊற்றுகிறார்கள்'. கூழ் ஊற்றுதல் என்றாலே அங்கே அது கோயில் வழிபாடு. நாங்கள் கூழ் 'காய்ச்சுகிறோம்'. ஊற்றுவதற்கு எதிரே ஏந்தும் கை ஒன்று வேண்டும். காய்ச்சுவதற்கு அடுப்பு போதும். அங்கே கூழ் தெருவுக்கு வந்தது, இங்கே குசினிக்குள்ளேயே இருந்துவிட்டது.

கூழ் என்ற சொல் தொடக்கத்தில் நீர்த்த உணவை மட்டும் குறித்ததில்லை. வள்ளுவர் அரசனின் ஆறு அங்கங்களை எண்ணும்போது படை, குடி என்பவற்றுக்கு அடுத்ததாகக் கூழை வைக்கிறார். அங்கே அது நாட்டின் பொருள்வளம். செங்கோன்மை அதிகாரத்தில் வரும் 'பைங்கூழ்' வயலில் நிற்கும் பசும்பயிர். மக்கட்பேறு அதிகாரத்திலோ பிள்ளை கைவிட்டு அளைந்த கூழ் அமுதத்தை வெல்கிறது. வயலில் நிற்பதும் களஞ்சியத்தில் கிடப்பதும் கலத்தில் இருப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. தெலுங்கின் 'கூடு', கன்னடத்தின் 'கூளு' இரண்டும் இதன் உடன்பிறப்புகள். அவை சோற்றையும் உணவையும் குறிப்பவை.

பிறகு சொல் மெலிந்தது. சோறு மேலே போனது. கூழ் ஏழையின் கலத்துக்கு இறங்கியது. ஔவைக்குக் 'கூழுக்குப் பாடி' என்ற பெயர் நின்றது, அவள் எவ்வளவு சிறிய பரிசுக்கும் பாடினாள் என்று காட்டத்தான். "கூழோ கஞ்சியோ" என்று சொல்லும்போது குரலே தாழ்ந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் அந்தத் தாழ்வு முழுதாக ஒட்டவில்லை என்பது என் எண்ணம். ஒடியல் மாவில் மீனும் நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சும் ஒடியற்கூழுக்கு இன்றும் உறவினரை அழைக்கிறோம். ஒடியல் என்பது பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்தது. பஞ்ச காலத்தில் வயிறு காத்த பொருள். அதையே விருந்தாக்கிய ஊருக்குக் கூழ் என்ற பெயரில் கூச்சம் எப்படி வரும்?

ஆடிக்கூழில் ஆடி என்ற பாதி வடக்கிலிருந்து வந்தது. ஆஷாடம் என்ற மாதப்பெயர் தமிழில் ஆடியாயிற்று. பூராடம், உத்தராடம் என்ற நட்சத்திரப் பெயர்களின் வாலிலும் அதே சொல்தான் இருக்கிறது. சிங்களத்தில் அதே மூலம் 'எசல' என்று திரிந்து, கண்டியின் எசல பெரஹராவாக வீதியில் வருகிறது. தேங்காயும் ஆடியைப் பல இடங்களில் தொடர்கிறது. சேலம் பக்கத்தில் ஆடி முதல் நாள் தேங்காய் சுடுகிறார்கள். தமிழ்நாட்டில் புது மாப்பிள்ளைக்கு வெல்லமும் ஏலமும் சேர்த்துக் கொடுக்கும் தேங்காய்ப்பாலுக்கு ஆடிப்பால் என்றே பெயர். சிநேகிதி என் கூழைப் பாயசம் என்றதற்குப் பதில், ஆடிப்பால் என்றிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது: அரைச் சுண்டு பயறு, அரைச் சுண்டு வறுத்த பச்சை அரிசிமா, இரண்டு தேங்காய், கால் கிலோ பனங்கட்டி. ஒன்றரைத் தேங்காயைத் திருவினால் கிடைப்பது தேங்காய்ப்பூ. அதைப் பிழிய முதலில் வரும் கெட்டியானது தலைப்பால். தண்ணீர் விட்டு மறுபடி பிழிவது கப்பிப்பால். மிச்சப் பாதியைப் பல்லுப் பல்லாக வெட்டினால் சொட்டு. ஒரு காய்க்கு இத்தனை பெயர் வைத்திருக்கும் குசினியில், வெறுமனே 'பால்' என்றால் தேங்காய்ப்பால்தான். மாடு கறப்பதைச் சொல்லப் பசுப்பால் என்று அடைகொடுக்க வேண்டும். வறுத்துக் கோது நீக்கிய பயறைக் கப்பிப்பாலில் அவித்து, மாவில் ஒரு பங்கைக் குழைத்துச் சிறு உருண்டைகளாக்கிப் போட்டு, சொட்டும் சேர்த்து, அவை வெந்தபின் மிச்ச மாவைக் கரைத்து ஊற்றி அகப்பையால் விடாமல் துழாவ வேண்டும். பனங்கட்டியைக் கரைத்து வடித்துத்தான் விட வேண்டும், மண் இருக்கும். ஏலமும் கொஞ்சம் மிளகுத்தூளும் போடுவோம். தலைப்பால் கடைசியில். அது விட்டபின் கொதிக்கவிட்டால் திரைந்து எண்ணெய் பிரிந்துவிடும். ஒரு முறை நுரைத்து எழும்பியதும் இறக்கிவிட வேண்டும்.

ஆடிப்பிறப்புக்குப் பள்ளி விடுமுறை என்று பிள்ளைகள் குதிப்பதை நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாட்டாக எழுதினார். எங்கள் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். கூழைக் குடிக்கும் இலையும் அந்தப் பாட்டில் உண்டு. நூல்களில் பலா, எங்கள் அம்மம்மாவுக்கு எப்போதும் பிலா. பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தித் தருவார். பேச்சு வழக்கில் பிழையாகத் திரிந்தது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் மலையாளத்திலும் அந்த மரம் பிலாவு, பேச்சில் ப்லாவு. அங்கும் அதன் இலையை இதேபோல மடித்து ஈர்க்குக் குத்திக் கஞ்சி குடித்திருக்கிறார்கள்.