காமன் கூத்தும் முடிவின் உரிமையும்

பதுளை மாவட்டம் உள்ளிட்ட மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்பெறும் காமன் கூத்தின் முடிவை அனைவரும் முன்னரே அறிவர். ரதி எவ்வளவு தடுத்தும் மன்மதன் செல்கிறான். சிவனின் நெற்றிக்கண்ணால் எரிகிறான். ஆடுவோரின் தெரிவுக்கேற்ப முடிவு மாறுவதாகக் கூறும் இன்றைய கணினி விளையாட்டுகளிலும், மாறக்கூடிய முடிவுகள் அனைத்தையும் ஆக்கியோரே முன்கூட்டி எழுதிவிடுகின்றனர்.

கூத்தின் முடிவையேனும் ஆடும் சமூகமே ஏற்றுக் காத்து வருகிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமோ, தோட்டத் தொழிலாளரைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பின்னர் வந்த விண்ணப்பப் படிவத்தில் தெரிவு இருந்தது. தொகையோ ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எஞ்சியிருந்த நாடற்றோர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. முடிவை எழுதுவதில் ஆடுவோருக்குப் பங்கு உண்டா என்பதைக் கொண்டே தெரிவின் பொருளை நாம் மதிப்பிடுதல் வேண்டும்.