லயமும் எல்லையும்: கெடா தோட்டப்புறத் தமிழர் குறித்த ஒரு நோக்கு

ஓர் இனக்குழுவின் பண்பாடு தனித்தன்மை உடையது. ஆகவே அதற்கு எல்லை உண்டு என்பதே பொதுவான எண்ணம். நார்வே நாட்டு மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969இல் பதிப்பித்த நூலில் இவ்வெண்ணத்தைத் தலைகீழாக்கினார். எல்லையே முதன்மையானது, அதனுள் அடங்கும் வழக்கங்கள் மாறலாம், மனிதர் அதனைக் கடந்தும் செல்லலாம், எனினும் எல்லை நிலைத்து நிற்கும் என்பது அவர் கருத்து. கெடா தோட்டங்களின் வரலாற்றை இக்கண்கொண்டு நோக்குதல் பயனுடையது. கெடாவைப் பற்றி எழுதப் புகுவோர் கடாரத்திலிருந்தே தொடங்குவது நம்மிடையே மரபு. ஆயினும் லயத்துத் தமிழனின் எல்லையை வகுத்தவன் இராசேந்திர சோழன் அல்லன், இரப்பர்த் தோட்டமே.

1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரித்தானியர் பொறுப்புக்கு வந்தது. வடக்கு நெல்வயல்களாகவே இருக்க, கூலிம், கோல மூடா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் தத்தம் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தமையால் சாதியும் உடன் வந்தது. துரையின் பங்களா, கிராணிமார் வீடுகள், லயங்கள் என நிலமே படிநிலையாகப் பகுக்கப்பட்டது. கிராணிமாருள் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் மிகுதி. யாழ்ப்பாணத்தாரும் தொழிலாளரும் பேசியது ஒரே மொழி. ஆயினும் அவர்களுக்கு இடையே இருந்த சுவர், மலாய்க்காரருக்கும் தமிழருக்கும் இடையிலான சுவரினும் தடித்தது எனலாம். இது கெடாவுக்கு மட்டும் உரியதன்று. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், துரைமார், கிராணிமார் முன் மிதிவண்டியினின்று இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதையும் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தனர்.

இவ்வெல்லையைத் தாழ்த்தப்பட்டோரே திருத்தி வரைய முயன்ற நிகழ்ச்சி, சப்பானியர் ஆட்சிக்குப் பின் கெடாவில் தோன்றிய தொண்டர் படை. பீடோங்கை அடுத்த ஹார்வார்டு தோட்டத்தைச் சார்ந்த ஏ. எம். சாமி அதனை நடத்தினார். கள் ஒழிப்பே அதன் முதன்மை நோக்கு. தோட்ட நிருவாகங்களே கள்ளுக்கடைகளுக்கு இடந்தந்தன. பின்னர் 'கள் குடிப்பவன்' என்பதே தமிழ்த் தொழிலாளியின் அடையாளமாகப் பிறரால் கொள்ளப்பட்டது. அவ்வடையாளத்தைத் தொண்டர் படை மறுத்தது. 1947இன் தொடக்க மாதங்களில் காவல்துறையினருடன் மோதல்கள் மூண்டன. உயிரிழப்பும் கைதுகளும் நேர்ந்தன. ஆய்வாளர்கள் இதனைப் பெரிதும் தொழிற்சங்க வரலாறாகவே எழுதியுள்ளனர். 'கூலி' என்னும் சொல்லிலிருந்து விலகித் 'தமிழர்' என நிமிர்ந்து நிற்க விழைந்த இயக்கம் இது என்பது என் துணிபு.

நகரங்களில் நிலைமை வேறு. அலோர் ஸ்டார், சுங்கைப்பட்டாணி ஆகியவற்றில் தமிழ் முசுலிம் வணிகர் பலர் மலாய்க் குடும்பங்களில் மணவுறவு கொண்டனர். 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு, மலாய்க்காரரை இசுலாம், மலாய்மொழி, மலாய் வழக்கம் ஆகியவற்றால் வரையறுக்கின்றது. ஆகவே அவர்தம் வழித்தோன்றல்கள் எல்லையைக் கடக்க வழி பிறந்தது. லயத்து இந்துவுக்கு அவ்வழி இல்லை. ஆட்கள் கடந்தனர், எல்லை அசையவில்லை. பார்த் கூறியது இதுவே.

பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, மக்கள் நகரோரக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். தெலுங்கர், மலையாளி, யாழ்ப்பாணத்தார் என்னும் பழைய பிரிவுகள் அரசுப் பதிவேடுகளில் 'இந்தியர்' என்னும் ஒற்றைச் சொல்லுள் அடங்கின. லயம் செய்த பணியைக் கோயிலும் தமிழ்ப்பள்ளியுமே இப்போது பெரிதும் செய்கின்றன. சுங்கைப்பட்டாணித் தைப்பூசத்தில் காவடி எடுப்போருள் பால்மரத்தைத் தொட்டறியாதவர் பலர். ஆயினும் பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் சில இன்றும் 'ஹார்வார்டு தோட்டம்' என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றன.