பர்மிங்காம் மரை, கல்மண்டபத்துப் பிரேம்

எங்கள் வீட்டு ஹெர்குலிஸ் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, காட்டர் பின்னைத் தட்டி, கிராங்கையும் நடு அச்சையும் கழற்றியபோது பிரேமின் அடியில் ஓர் உருளைக் கூடு தெரிந்தது. மெக்கானிக்குகள் அதை பி.பி. என்பார்கள். அதன் உள்சுவரில் மரை வெட்டியிருக்கிறது. விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அப்பா வாங்கிய அந்தக் கறுப்புப் பிரேமுக்கு இன்றைய பாகங்களைப் பூட்ட முடிந்ததற்கு முதல் காரணம் இந்த அளவுதான்.

இதற்கு உலகம் முழுவதும் பி.எஸ்.ஏ. மரை என்று பெயர். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பது 1861-ல் துப்பாக்கித் தொழிலாளர்கள் கூடித் தொடங்கிய நிறுவனம். துப்பாக்கிக்கான கொள்முதல் ஏறி இறங்கியதால் அது சைக்கிளுக்கு வந்தது. முழு சைக்கிளோடு நிற்காமல், அச்சு, கப், ஹப் என்று பாகங்களைச் செய்து மற்ற கம்பெனிகளுக்கும் விற்றது. வாங்கிப் பூட்டியவர்களும் தங்கள் பிரேமில் அதே மரையை வெட்ட வேண்டியிருந்தது. ஒரு கம்பெனியின் அளவு ஊர் அளவாகிப் பிறகு உலக அளவானது இப்படித்தான். ராலே கம்பெனி நெடுநாள் அங்குலத்துக்கு 26 மரை என்று தனி வழியில் போனது. பழைய ராலே வைத்திருப்பவர்கள் இன்றும் அதனால் பாகம் தேடி அலைகிறார்கள்.

ஹெர்குலிஸும் பர்மிங்காம்காரன்தான். 1910-ல் கிரேன் சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி அது. தொழிலாளி வாங்கக்கூடிய விலையில் சைக்கிள் செய்து பெரிதாகி, 1946-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கைக்கு மாறியது. அந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் முருகப்பா குடும்பமும் 1949-ல் கூட்டுச் சேர்ந்ததால் பிறந்தது அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். 1955-ல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலை வந்தது, 1960-ல் செயினுக்கென்று ஓர் ஆலை. பர்மிங்காமின் அளவுகள் சென்னையின் மேற்குப் புறநகரில் குடியேறிவிட்டன.

எங்கள் பிரேம் அங்கிருந்து ராயபுரம் கல்மண்டபம் வந்தது சைக்கிள் அட்வான்ஸில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் முன்பணம் இல்லையென்றால் அந்தக் காலத்தில் அவரைப் போன்றவர்களுக்குச் சைக்கிள் எட்டாக்கனி. திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஷிப்டு மாறும் நேரத்தில் முழுக்கச் சைக்கிளாக இருக்கும். எண்ணூர் அசோக் லேலண்டு, திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு என்று எல்லா வாசலிலிருந்தும் ஆட்கள் மிதித்துக்கொண்டு வருவார்கள். அந்த என்ஃபீல்டே இங்கிலாந்தின் ரெடிச்சில் முதலில் சைக்கிள் செய்த கம்பெனி. 1955-ல் இங்கே புல்லட் செய்ய வந்தபோது, துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்ற தன் பழைய விளம்பர வாசகத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

அப்பாவின் சைக்கிளில் உப்புக்காற்று தொடாத பாகம் கிடையாது. காசிமேட்டுக் காற்றில் ஸ்போக்ஸ் கம்பி துருப்பிடித்து ஒன்றொன்றாகப் போகும். ரிம்மின் நிக்கல் பூச்சு உரியும். செயின், ஃப்ரீவீல், சீட், மட்கார்டு என்று மாறிக்கொண்டே இருந்தது. அவர் ஓய்வு பெறும்போது அம்பத்தூரிலிருந்து வந்த நாளின் மிச்சமாக இருந்தவை பிரேம், ஃபோர்க், ஹேண்டில்பார் மட்டுமே. ஆகவே பழைய சைக்கிளில் புதுப் பாகம் போட்டால் அதன் அசல் தன்மை கெட்டுவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உழைத்த சைக்கிள் எதுவும் அசலாக இருந்ததில்லை.

சைக்கிளை மாற்றியமைப்பதில் இந்த வட்டாரத்துக்குத் தனி வரலாறே உண்டு. 1973-ல் கைரிக்‌ஷா ஒழிக்கப்பட்டுச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுக்கப்பட்டது. மிதிக்கும் மூன்று சக்கர வண்டியில் பலகை அடித்து மீன் ஏற்றினார்கள். அதுவும் போதாமல் பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பூட்டி மீன்பாடி வண்டி ஆக்கினார்கள். பதிவெண் கிடையாது, பிரேக்கும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, போலீஸ் பிடித்துப்போன வண்டிகளுக்குக் கணக்கில்லை. ஆனாலும் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படிக்காதவர்கள் செயின் கோட்டை நேராக்கி, சுமை எங்கே விழும் என்று கணித்து அதைக் கட்டினார்கள். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். பிரேக் விஷயத்தில் அவர்களைப் பின்பற்ற மாட்டேன்.

பிரேமைச் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கல்மண்டபத்து மெக்கானிக் சொன்னது இவ்வளவுதான்: “பிரேமு நல்லாக்கீதுண்ணா. மத்ததெல்லாம் மாத்திக்கலாம்.”

முதலில் மாற்ற வேண்டியது சக்கரமும் பிரேக்கும்தான். கியரும் பளபளப்பும் அப்புறம். பழைய கம்பி பிரேக், ரப்பர் கட்டையை இரும்பு ரிம்மின் உள்பக்கமாக மேலே இழுத்து அழுத்தும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் அது ஏறக்குறைய வழுக்கும். கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையில் இதை நம்பி இறங்கக் கூடாது. அலுமினிய ரிம் ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் இங்கே அளவு இடிக்கும். பழைய 28 × 1½ டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ., இன்றைய 700சி ரிம்முக்கு 622. ஆரத்தில் ஆறரை மி.மீ. குறைவதால் கை நீளமான காலிப்பர் பிரேக் தேட வேண்டும். இன்னொன்று, நம் பழைய சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. இன்றைய ரிம்கள் 32 அல்லது 36 துளையோடு வருகின்றன. முன் ஹப் தப்பிக்கும், பின் ஹப்பை மாற்றியே ஆக வேண்டும்.

எங்கள் ஃபோர்க்கின் தலையில் காலிப்பருக்கான துளையே இல்லை. துளைக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே நல்ல முன் ஹப்பையும் விட்டுக்கொடுத்து டிரம் பிரேக் உள்ள ஹப் போட்டோம். அதன் கையை ஒரு பட்டையால் ஃபோர்க்கோடு கட்டினால் போதும். பிரேக் கட்டை உள்ளே மூடியிருப்பதால் மழை அதைத் தொடாது. டிஸ்க் பிரேக் வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் முழு விசையும் ஃபோர்க்கின் ஒரு காலிலேயே, அதன் நுனியருகே விழும். பழைய மெல்லிய குழாய் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வெல்டு வைத்துப் பூட்டினால் ஒரு நாள் ஃபோர்க் முறியும்.

பின்பக்கத்துக்கு ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று கியர் ஹப். 1902-ல் நாட்டிங்காமில் தொடங்கிய பெயர், 2000-க்குப் பிறகு தைவானில் தயாராகிறது. பல்சக்கரங்கள் ஹப்புக்குள்ளேயே இருப்பதால் வெளியே தொங்கும் டீரெய்லர் என்னும் கியர்மாற்றி வேண்டாம். பின்பக்கம் திறந்த பழைய அச்சுப் பிளவில் அதைத் தொங்கவிடுவதும் சிரமம். ராயபுரம் சமதரை, ஏற்றமென்றால் மேம்பாலங்கள்தான், எதிர்க்காற்றுக்கு ஒரு கியர் வேண்டும். மூன்று போதும். பழைய பிளவின் அகலம் சுமார் 110 மி.மீ., ஹப்புக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். எஃகுப் பிரேமைச் சூடுபடுத்தாமலேயே மெல்ல விரிக்கலாம். அலுமினியத்தில் இது நடக்காது. விரித்த பிறகு தலைக்குழாயிலிருந்து இரண்டு பிளவு வழியாகவும் நூல் இழுத்துக் கட்டி, நடுக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒரு காலை மட்டும் இழுத்தால் சைக்கிள் ஆயுளுக்கும் கோணலாகவே ஓடும்.

கடைசியாக பி.பி. கூடு. அடைத்திருந்த துருவையும் பழைய கிரீஸையும் எடுத்து, மரையைத் திருத்தி, கூட்டின் அகலத்துக்கேற்ப வாங்கிய சிமானோ கார்ட்ரிட்ஜ் அச்சைச் சுழற்றியதும் அது கையாலேயே உள்ளே போனது. சிமானோ 1921-ல் ஜப்பானின் சக்காய் நகரில் ஃப்ரீவீல் செய்யத் தொடங்கிய பட்டறை. சக்காய் ஒரு காலத்தில் துப்பாக்கிக் கொல்லர்களின் ஊர். அந்தத் தொழில் மங்கியபோது அவர்கள் கைப்பழக்கத்தின் மீதுதான் அங்கே சைக்கிள் தொழில் வளர்ந்தது. பர்மிங்காம் கொல்லர்கள் வகுத்த அளவில் சக்காய்க்காரர்கள் செய்த அச்சு, அம்பத்தூரில் வெட்டிய மரையில் இடறாமல் ஏறியது.

பெயிண்டைத் தொடவில்லை. கறுப்பின் மேல் ஓடும் தங்கக்கோடு பல இடங்களில் தேய்ந்திருக்கிறது, ஆனாலும் இருக்கிறது. கேரியரும் ஸ்டாண்டும் பழையவையே. குழாய்களுக்குள் எண்ணெய் ஊற்றிப் புரட்டி வடித்தோம், ஏனென்றால் கடலோரத் துரு உள்ளிருந்துதான் தின்னும்.

உங்கள் வீட்டு மொட்டைமாடியிலோ மாடிப்படிக்கு அடியிலோ இப்படி ஒரு பிரேம் கிடக்கலாம். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போடுவதற்கு முன் பி.பி. கூட்டின் அடியையும் பின்குழாய்கள் சேரும் இடத்தையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் கொடுத்துவிடுங்கள். கணீரென்று கேட்டால், மரையை அளக்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.