மிளகாய்த்தூளுக்கும் அணு ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? வாஷி சொல்லும் பதில்

நவி மும்பையின் வாஷி என்றதும் ஏபிஎம்சி சந்தைதான் நினைவுக்கு வரும். அதே வாஷியில், செக்டர் 20-இல், அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் 'பிரிட்' (கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப் தொழில்நுட்ப வாரியம்) வளாகம் இருக்கிறது. நம் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு அது ஒரு நல்ல உதாரணம்.

அங்கே என்ன நடக்குது?

மசாலாப் பொருட்கள் மீது கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிர்களைப் பாய்ச்சும் ஆலை 2000 முதல் அங்கு இயங்குகிறது. மூட்டையைப் பிரிக்காமலே பூச்சிகளும் கிருமிகளும் அழிகின்றன. மிகக் குறைந்த அளவு கதிர் போதும், வெங்காயமும் உருளைக்கிழங்கும் முளைவிடாது.

சாப்பிடலாமா?

சாப்பிடலாம். கதிர் ஊடுருவிச் செல்லுமே தவிர, உணவில் கதிரியக்கம் தங்காது. வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாவுக்கு இந்தியா 1994-இல் அனுமதி அளித்தது.

செலவு யாருக்கு, லாபம் யாருக்கு?

செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வின் பலன் இது. செலவு அரசுடையது. லாபமோ வேறு இடத்தில் தெரிந்தது. சுமார் 18 ஆண்டுகள் இந்திய மாம்பழத்துக்கு மூடியிருந்த அமெரிக்கச் சந்தை 2007-இல் திறந்தது. பூச்சி பயத்தைப் போக்கியது, நாசிக் அருகே லாசல்காவ் ஆலையில் தரப்பட்ட கதிர்வீச்சு. அந்த வருமானம் விவசாயி, ஏற்றுமதியாளர் கணக்கில் சேருமே தவிர, ஆய்வகத்தின் வரவில் வராது. ஆராய்ச்சியின் பலனைக் கணக்கிடுவது கடினமாக இருப்பது இதனால்தான்.

அப்போ வெங்காயம் ஏன் இன்னும் வீணாகுது?

கண்டுபிடித்தால் மட்டும் போதாது. முளைவிடுவதைத் தடுக்கும் கதிர்வீச்சு, அழுகலைத் தடுக்காது. அதற்குக் குளிர்கிடங்கும் வேண்டும். ஆலை சும்மா கிடந்தாலும் கோபால்ட்-60 சுமார் 5.3 ஆண்டுகளில் பாதி வீரியத்தை இழந்துவிடும். வருடம் முழுக்கச் சரக்கு வந்தால்தான் கட்டுப்படியாகும். வெங்காயமோ பருவப் பயிர். பல பொருட்களைக் கையாளும் 50 ஆலைகளுக்கு நிதியுதவி என்று 2024 ஜூலை பட்ஜெட் அறிவித்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

இந்தியா எவ்வளவு செலவிடுகிறது?

2020-21-இல் அரசும் தனியாரும் சேர்ந்து ஆராய்ச்சிக்குச் செலவிட்டது சுமார் 1.27 லட்சம் கோடி ரூபாய். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இது 0.64% மட்டுமே. சீனா 2 சதவீதத்துக்கு மேலும், தென் கொரியா 4 சதவீதத்துக்கு மேலும் செலவிடுகின்றன. இன்று இதில் மிச்சம் பிடித்தால், நஷ்டம் உடனே தெரியாது. இருபது, முப்பது வருடம் கழித்து, சந்தையில்தான் தெரியும்.