அண்டார்டிகா சிறுகப்பல் பயணம்

பனிக்கடலுக்கேற்ற சிறிய கப்பலில் தென்துருவக் கண்டத்தைக் காணச் செல்லும் சுற்றுலா. 1966இல் லார்ஸ்-எரிக் லின்ட்பிளாட் இதைத் தொடங்கினார். 1969இல் இதற்கென்றே ‘லின்ட்பிளாட் எக்ஸ்புளோரர்’ கட்டப்பட்டது. பின்னாளில் ‘எக்ஸ்புளோரர்’ எனப் பெயர் மாறிய அதே கப்பல் 2007 நவம்பர் 23 அன்று பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 154 பேரும் உயிர் தப்பினர்.

பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் உசுவாயாவிலிருந்து புறப்படுகின்றன. மலேசியாவின் காம்பாரிலிருந்து கிளம்புபவர் பல விமானங்கள் மாறித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். அதன்பின் டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள். அலை சீறினால் சாப்பாட்டு மேசைக்கு ஆளே வராது!

சிறு கப்பலுக்கு இவ்வளவு மவுசு ஏன்? காரணம் விதிகள்தான். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையிறக்கக் கூடாது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கவும் முடியாது. எனவே காற்றடைத்த படகுகளில் முறைவைத்து இறக்குகிறார்கள். விதை ஒட்டிய காலணியுடன் இறங்க அனுமதியில்லை. பென்குவினிடமிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும்.

மலேசியாவுக்கு இக்கண்டத்தோடு அரசியல் உறவும் உண்டு. அண்டார்டிகா மனிதகுலம் முழுமைக்கும் பொது என்று 1982இல் ஐ.நா.வில் குரல் எழுப்பியவர் பிரதமர் மகாதீர். ஒருசில நாடுகளின் மன்றம் என்று கருதி விமர்சித்த அதே அண்டார்டிகா ஒப்பந்தத்தில் மலேசியா 2011இல் இணைந்தது.